அரைக் கட்டை இறங்கிய பாட்டு

செப். 4, வியாழன்

புழுக்கம். காற்றே இல்லை. குழாயில் தண்ணீரும் இல்லை.

அபிராமம் திருவிழா நாடகக் கேசட் ஒருவழியாக முடிந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தியது, மைக்செட்காரர் வீட்டுப் பரணில் கிடந்தது. செய்த வேலை: பூஞ்சை துடைத்தல், அறுந்த இடத்தை ஒட்டல், இரைச்சல் குறைத்தல். வேகத்தையும் கொஞ்சம் கூட்டினேன். ஸ்திரீபார்ட் மங்களவல்லி அம்மா ஐந்தரைக் கட்டைச் சுருதியில்தான் பாடுவார், நாடகம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். கேசட்டில் ஐந்துதான் வந்தது. என் டேப் ரிக்கார்டர் பெல்ட் தளர்ந்து மெதுவாக ஓடியிருக்கும்.

அவரும் ராஜபார்ட் வேலாயுதமும் மேடையில் மோதும் தர்க்கப் பாட்டு, இருபது நிமிஷம்! யார் சுருதியில் நிற்கிறார், யார் சறுக்குகிறார் என்று சனம் பந்தயம் கட்டும். நான் எப்போதும் அம்மா கட்சி.

நாடக ரசிகர்கள் வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். அட்மின் ஜமால், பெரியபட்டினத்துப் பிள்ளை, துபாயிலிருந்து: "அக்கா, வேலாயுதம் அண்ணன் அன்னைக்கு அவுட்டு!" பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டியே ரிட்டயர் ஆன காது, சும்மாவா.

செப். 6, சனி

வெயில். சிக்கல் ஊருக்குப் போய் வந்தேன், மங்களவல்லி அம்மாவிடம் போட்டுக் காட்ட. போகும்போது பஸ்ஸில் நின்றே. கொண்டு போனது: போன், சின்ன ஸ்பீக்கர், அரைக் கிலோ அல்வா. அம்மாவுக்குச் சர்க்கரையாம். அல்வா மகளோடு உள்ளே போய்விட்டது.

கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "இது நானில்ல தாயி."

சுருக்கென்றது.

"அன்னைக்கு ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. நாந்தான் ஆர்மோனியக்காரருக்குக் கண்ணக் காட்டி அரைக் கட்டை இறக்கச் சொன்னேன். சனத்துக்குத் தெரியாது. நீ ஏத்தி வச்சிருக்க. அவரு கெடந்து கத்துற மாதிரியில்ல இருக்கு."

"குரூப்புல சொல்லிரவாம்மா?"

"வேணாம். அவரு போய்ச் சேந்துட்டாரு. மகன் உங்க குரூப்புலதான் இருக்கானாம். அப்பனுக்கு விட்டுக்குடுத்தேன்னு அவன் காதுல விழவா? பாட்ட மட்டும் சரி பண்ணிப் போடு."

சத்தியம் செய்யாத குறையாகச் சரி என்றேன்.

போட்டியில் எதிராளிக்காக இறங்கிப் பாடியிருக்கிறார். அதைத்தான் பிழை என்று திருத்தியிருக்கிறேன். திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. வெட்கமாக இருக்கிறது.

செப். 7, ஞாயிறு

முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வேகம் சரியாகவே இருக்கிறது. பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை. முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், அவசரக்குடுக்கை.

பழைய வேகத்துக்கே மாற்றிப் போட்டாயிற்று.

செப். 8, திங்கள்

லேசான தூறல், துணி எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

குரூப்பில் ஒரே புலம்பல். ஜமால்: "என்னக்கா, அம்மா குரல்ல ஜிவ்வே இல்லையே. மொத போட்டதே போதும்." இன்னொருவர்: "அக்கா காதுக்கு வயசாயிருச்சு."

வலித்தது. காரணத்தை முழுசாக டைப் அடித்து, முழுசாக அழித்தேன். "இதுதான் சரி. பழசை அழிச்சிருங்க." அவ்வளவுதான் போட்டேன்.

வீட்டுக்காரர் கேட்டார், "யார் மேல கோவம்?" சாம்பார் மேல என்றேன்.

செப். 9, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் பதிய வேண்டும். மின்சார பில்.

வேலாயுதத்தின் மகனிடமிருந்து தனியாக வாய்ஸ் மெசேஜ். தங்கச்சிமடத்தில் ஐஸ் கம்பெனி வேலை. குரூப்பில் இதுவரை வாய் திறந்ததே இல்லை.

"அக்கா, மொத வந்ததக் கேட்டேன். அய்யா கொரலே இல்ல. ஒங்ககிட்டச் சொல்லச் சங்கடப்பட்டு விட்டுட்டேன். இது அய்யாவேதான். தொண்ட சரியில்ல அன்னைக்கு, எனக்குத் தெரியுதுக்கா. அந்தம்மாவும் கூடவே எறங்கி வந்துருக்காங்க. அப்படித்தான?"

நாலு தடவை கேட்டேன். பதிலுக்கு மங்களவல்லி அம்மாவின் நம்பரை மட்டும் அனுப்பினேன்.