சிவப்புக் குடை

7.5.17, ஞாயிறு

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே மாடித் தரை சுடுகிறது. துவைத்துப் போட்ட துணியெல்லாம் தெர்மல் பவர் ஸ்டேஷன் சாம்பல். மறுபடி அலசல். எரிச்சல்.

தம்பி சேகர் போன். "அக்கா, குடைக்காரன் கேம் புதுசு வந்துருச்சிக்கா. மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்துட்டன். அடுத்த ஞாயித்துக்கெழம நிலாவ இட்டுகினு வூட்டுக்கு வா." முப்பத்தொரு வயது, குரல் மட்டும் இன்னும் ஆறாம் வகுப்பு.

சரி என்றேன். ஏன் சொன்னேன் தெரியவில்லை. யார் எதைக் கேட்டாலும் எனக்குச் சரி என்றுதான் வருகிறது.

8.5, திங்கள்

கேட் பாஸ் புதுப்பிக்க வரிசை. ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் என்ட்ரி போடும் கான்ட்ராக்ட் வேலைக்கு வருஷா வருஷம் இந்த நாய்ப்பாடு. சேகர் இதே கம்பெனியின் மைன்ஸில் பர்மனென்ட். அவனுக்கு வரிசை கிடையாது.

பின்னால் நின்ற பெண்மணி: "ஒங்க தம்பி பர்மனென்ட்டாமே, அவருகிட்ட சொல்லி எதுனா பண்ணக் கூடாதா?" சிரித்து வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது எப்படி என்று என்னிடம் கற்றுக்கொள்ளலாம்.

இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். அப்பா இந்தக் கம்பெனி சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டார். வாரிசு வேலை ஒருவருக்குத்தான். நான் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து வீட்டில் இருந்தேன். சேகர் பிளஸ் டூ பெயில். மாமா சொன்னது: "பொண்ணு நாளைக்கி இன்னொருத்தன் வூட்டுக்குப் போவப்போவுது. வேல பையனுக்கே இருக்கட்டும்." அம்மா தலையாட்டினாள். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை, பேனாவைத்தான் நீட்டினார்கள்.

சேகரிடம் இதை ஒரு நாளும் பேசியதில்லை. பேசினால் வேலை வந்துவிடாது, தெரியும். ஆனாலும் அவன் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும்.

ரேஷனில் பாமாயில் இல்லை. நிலா செருப்பு தைக்கக் கொடுக்கணும்.

10.5, புதன்

மதியம் கரண்ட் இல்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற டவுன்ஷிப் கூப்பிடு தூரத்தில். இங்கே வடக்குத்து கிராமத்தில் நாங்கள் விசிறியும் கையுமாக.

நிலா: "குடைக்காரன்னா யாரும்மா?"

மெயின் பஜாரில் அப்பா வாங்கித் தந்த டிவி கேம். கேசட்டில் ஏதோ புரியாத எழுத்து, பெயர் நாங்களாக வைத்தது. கூரை விட்டுக் கூரை தாவுவான். குடை விரித்தால் மெல்ல இறங்குவான். முதல் ஆள் நீலக் குடை, இரண்டாவது ஆள் சிவப்பு. மாற்றி மாற்றி ஆடணும். நீலம் எப்போதும் சேகருக்கு, ஆம்பளைப் பிள்ளை. கடைசிக் கோபுரம் வரை போனது சிவப்பு மட்டும்தான்.

அப்பா நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவார். டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் ஆட்டம். ஜெயித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. க்வார்ட்டர்ஸ் ப்ளாக் முழுக்க எந்நேரமும் யாராவது ஷிப்ட் முடித்துத் தூங்குவார்கள். குசுகுசுவென்றே சண்டை போட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

நடுவில், சில வருஷம் முன்னால், போனில் ஒரு குடைக்காரன் கேம் வந்தது. சிவப்பே இல்லை அதில். அந்த இடத்தில் விளம்பரம். இரண்டு நாளில் அழித்தேன்.

14.5, ஞாயிறு

சேகர் க்வார்ட்டர்ஸ். அவன் பெண்டாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள். அம்மா சமையல், கறிக்குழம்பு, உப்பு தூக்கல்.

புதுக் குடைக்காரன் பளபளவென்று இருக்கிறான். தாடி. அவனுக்குச் செத்துப்போன அப்பா ஒருத்தர், அதற்கு ஒரு சோகக் கதை. கூரை தாவுகிறவனுக்கு அப்பா எதற்கு? பேசுகிறார்கள், பேசுகிறார்கள், ஆட்டமே ஆரம்பிக்கவில்லை.

ஆனால் அந்தத் தாவல். கூரை நுனியில் ஒரு கணம் பொறுத்து அமுக்கணும், முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு. அது மட்டும் அப்படியே இருக்கிறது. சேகர் ஆடும்போதே என் கட்டைவிரல் துடித்தது. இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள் கேம் கம்பெனிப் படுபாவிகள். தாடி வைப்பார்கள், மீசை வைப்பார்கள், அந்தத் தாவலில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். நாமும் வாயைப் பிளந்துகொண்டு வாங்குவோம்.

இரண்டாவது கன்ட்ரோலரை என்னிடம் நீட்டினான். சிவப்புக் குடை வந்தது. ஆள் இல்லை, குடை மட்டும். அந்தரத்தில் மிதக்கிறது. அமுக்கினேன், தாவவில்லை. நீலக்குடைக்காரன் போகும் வழிக்கு வெளிச்சம் காட்டலாம். அவ்வளவே.

"இதுல ரெண்டாவது ஆளு ஹெல்பர்க்கா. சாவே கெடையாது. சும்மா ஒக்காந்துகினு ஆடலாம். ஒனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான் இத வெச்சன்."

நிலா: "நீ ஏம்மா கீழவே வுழ மாட்டேங்கற?"

விழுந்து விழுந்து செத்துத்தான் அப்போது கோபுரத்துக்குப் போனேன். சாப்பாடு ஆகும்வரை அவனுக்கு வெளிச்சம் காட்டினேன். சாப்பிட்டேன். வேலைப் பேச்சை எடுக்காமலே ஷேர் ஆட்டோ ஏறினேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

15.5, திங்கள்

என்ட்ரி தப்பு. பேரிங் கணக்கில் போல்ட்டைப் போட்டிருக்கிறேன். சூப்பர்வைசரிடம் வசவு.

புதுசாக்கினார்களாம். நீலத்துக்குத்தான் புதுசு. போனில் வந்தபோது சிவப்பே காணாமல் போனது. இப்போது திரும்பி வந்திருக்கிறது, கால் இல்லாமல். இதில் நான் சந்தோஷப்பட வேறு வேண்டுமாம்.

சேகர் வாட்ஸப்: "ஜாலியா இருந்துச்சிக்கா. அடுத்த வாரமும் வா." சரி என்று அடித்தேன், அனுப்பாமல் அழித்தேன்.

21.5, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. நிலாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

முதல் கன்ட்ரோலரை நான் எடுத்தேன். "அக்கா, அது நீலம்." தெரியும் என்றேன். விழுந்தேன், விழுந்தேன், பிறகு கை பழகிவிட்டது. சேகர் வெளிச்சம் காட்டினான். இரண்டு கூரை தாண்டவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"போரடிக்குதுக்கா. என்னால ஒன்னுமே பண்ண முடியல."

"அந்த வேல எனக்கு வந்திருக்கணும்டா."

"எந்த வேல?"

"நீ தெனம் போட்டுகினு போறியே யூனிபார்ம், அது."

அம்மா அடுப்படியிலிருந்து: "இப்ப எதுக்குடி அந்தப் பேச்சு?" இப்பதான் என்றேன். இல்லை, கத்தினேன். டிப்ளமோ, மாமா, பேனா, கேட் பாஸ் வரிசை, எல்லாம் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "ஏங்க, அவரு நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கறாருங்க." தூங்கட்டுங்க என்று கதவைச் சாத்தினேன்.

சேகர் டிவியையே பார்த்துக்கொண்டு இருந்தான். "நீ அப்பவே கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டன்" என்றான்.

பொய் சொல்லாமல் விட்டானே. அம்மா அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை.

"இப்ப நான் என்னதாங்க்கா பண்ணட்டும்?"

"ஒன்னும் பண்ண வேணாம். தெரிஞ்சிகினு இரு."

கன்ட்ரோலரைக் கேட்டுக் கை நீட்டினான். நீலத்தை நான் தரவில்லை. வெளிச்சம் காட்டுடா என்றேன்.