திருப்பி அனுப்பிய ஜட்கா

வெள்ளானூர்,
28-6-1970

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஞானம்மாளுக்கு,

உன் நைனா எழுதுவது. எங்கள் வயசுக்கு எவ்வளவு சுகம் தாங்குமோ அவ்வளவு சுகத்தோடு நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நாக்பூரில் மழை இறங்கியதா? ஆஸ்பத்திரியில் உனக்கு ராத்திரி டூட்டி முடிந்துவிட்டதா?

ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். பஞ்சாயத்து எலெக்ஷனில் நான் நம் வார்டுக்கு நிற்கிறேன். ஆமாம், நான்தான். எட்டாம் கிளாஸில் கணக்கு வாத்தியாரைப் பார்த்து ஜன்னல் வழியாக ஓடினவன். இருபது வருஷமாக லேத் மிஷினைத் தவிர வேறு யாரையும் எதிர்த்துப் பேசாதவன். அம்மாவிடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஊட்டுல ஒரு ஓட்டு கீது, அதுவே உனக்கு விழுமான்னு தெரியல, பார்த்துக்கோ" என்றாள். அன்றைக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரித்துக்கொண்டாள்.

நிற்கச் சொன்னது கோவிந்தன். கம்பெனியில் எனக்கு அடுத்த மிஷின்காரன், உனக்குத் தெரியும். போன மாசம் நம் தெரு முனியம்மா மருமகளுக்கு வலி எடுத்து, ஆவடிக்கு மாட்டு வண்டியில் கொண்டு போகிற வழியிலேயே பிள்ளை செத்துப் பிறந்தது. நம் வார்டில் ஒரு டிஸ்பென்சரி, ஒரு நர்ஸம்மா, அவ்வளவுதான் கேட்கப் போகிறோம். கோவிந்தனே பிறகு தலையைச் சொறிந்தான். "அண்ணாத்தே, உங்க சபையில தலைவலி மாத்திரை கூடத் தொட மாட்டீங்க. நீ போய் ஆஸ்பத்திரி கொண்டாரேன்னா ஜனம் சிரிக்காதா?" என்றான். சிரிக்கட்டும், சிரித்துக்கொண்டே ஓட்டைக் குத்தட்டும் என்றேன்.

நோட்டீஸுக்குப் படம் வேண்டுமாம். அதை அச்சில் ஏற்றப் புதுசாக பிளாக் செய்யக் காசு கேட்டான் குமணன்சாவடி அச்சாபீஸ்காரன். ஒன்பது வருஷத்துக்கு முன் நம் சபைப் பத்திரிகையில் என் சாட்சி வந்தபோது செய்த பிளாக் அவனிடமே கிடந்தது. பழைய பத்திரிகைக் கட்டைப் பிரித்துத் தேடி, எடுத்துத் தட்டிக் கொடுத்தான். அதையே போட்டுவிட்டோம். நோட்டீஸில் எனக்குத் தலை நிறைய முடி. ஓட்டுக் கேட்கப் போனால் என்னையே பார்த்து, "உங்க தம்பியா நிக்கிறாரு?" என்கிறார்கள். சின்னம் குடை.

நீ முகம் சுளிக்கிற விஷயம் ஒன்றும் எழுதிவிடுகிறேன். பாஸ்டர் ஆசீர்வாதம் ஐயாவுக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போய் வேதம் வாசித்துக் காட்டுகிறேன், அவருக்கு வருகிற கடிதங்களையும் படிக்கிறேன். எலெக்ஷன் சங்கதி சொன்னேன். உலகக் காரியம் என்று திட்டுவார் என்று பார்த்தால், "ஆஸ்பத்திரிக்காகவா? நில்லு யோனா" என்றார்.

அவர் பேர் எடுத்தால் நீ பதில் போட மாட்டாய் என்று தெரியும். போன வருஷம் நீ எழுதியதை பைபிளில் வைத்திருக்கிறேன். "உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை நைனா, சொன்னதைக் கேட்டீர்கள். சொன்னவர் முகத்தில்தான் விழிக்க மாட்டேன்" என்று எழுதினாயே, அது. ஒன்பது வருஷமாக நீ வெள்ளானூர் வரவில்லை, லீவுக்குக் காஞ்சிபுரத்தில் சித்தி வீட்டோடு திரும்பிவிடுகிறாய். ஆனாலும் மாசம் ஒரு கடிதம் எனக்கு வந்துவிடுகிறது. அது போதும் எனக்கு.

கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள நைனா,
யோனா (வோட்டர் லிஸ்டில் துலுக்கானம்)


வெள்ளானூர்,
9-7-1970

பிரியமான ஞானம்மாளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இங்கே யாராவது உனக்கு ரோஸ் கலரில் ஒரு நோட்டீஸ் அனுப்பினால் படிக்காதே, கிழித்துப் போடு.

விஷயம் இது. என்னை எதிர்த்து நிற்கிற காண்ட்ராக்டர் பக்தவத்சலத்துக்கும் அதே அச்சாபீஸில்தான் நோட்டீஸ் வேலை. பிளாக்குக்காக அவிழ்த்த பழைய பத்திரிகைக் கட்டு மேஜை மேலேயே கிடந்திருக்கிறது. அவர் ஆள் புரட்டிப் பார்த்திருக்கிறான். என் சாட்சியை அப்படியே எடுத்து, "மகனுக்கு மருந்து கொடாதவர் மக்களுக்கு மருந்து கொடுப்பாரா?" என்று தலைப்புப் போட்டு வார்டு முழுக்கக் கொடுத்துவிட்டார்கள். படமும் அதே பிளாக். இரண்டு நோட்டீஸிலும் நானே முடியோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன். காசை மிச்சம் பிடித்த புத்திசாலி நான்தான்.

சாட்சி உனக்குத் தெரியும். அப்போதே பத்திரிகையை உனக்கும் அனுப்பினேன்; இங்கே கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். "என் குமாரன் எபநேசர் பதினோரு நாள் ஜுரத்தில் கிடந்தும், மருந்தின் கசப்பை ருசிபார்க்காமல் கர்த்தரிடம் போனான். என் விசுவாசம் அசையவில்லை" என்று நான் சபையில் எழுந்து நின்று சொன்னது. அன்றைக்கு எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். இன்றைக்கு அதையே முனியம்மா தெருக் குழாயில் நின்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். கேட்டுவிட்டு நேரே நம் வாசலுக்கு வந்தாள். "ஏன் நைனா, உன் புள்ளைக்கு வாணாம்னு சொன்ன மருந்து என் பேரனுக்கு மட்டும் இன்னாத்துக்கு வாணும்?" என்றாள். சண்டை போடுகிற குரலில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனையில் கூட்டம், நான் பதில் சொல்ல வேண்டும். சபையில் மூப்பர்கள், "போதனை போதனைதான், சாட்சியில் நில்லுங்கள்" என்கிறார்கள். கோவிந்தன் வேறு சொல்கிறான். "அண்ணாத்தே, பேசாம அய்யரு தலையில போடு. அவரு வாணாம்னாரு, நான் படிக்காதவன், பயந்துட்டேன்னு சொல்லு. கிழவனுக்கு இனிமே போறதுக்கு இன்னா கீது? ஜனம் உன்னைக் கட்டிக்கினு அழுவும்." பாஸ்டரை அவன் அய்யர் என்றுதான் சொல்லுவான்.

அவன் சொல்வதில் தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. நீயும் அப்படித்தானே நினைக்கிறாய்.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய கம்பளியைத் தலையணையாக வைத்துக்கொள்கிறாள், போர்த்தினால் அழுக்காகிவிடுமாம்.

தேவ கிருபை உன்னோடு இருக்கட்டும்.

நைனா


வெள்ளானூர்,
24-7-1970

மகள் ஞானம்மாளுக்கு,

போன கடிதத்தில் நோட்டீஸைக் கிழித்துப் போடச் சொன்னேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன், படி.

எலெக்ஷன் முடிந்துவிட்டது. முடியட்டும் என்றுதான் காத்திருந்தேன். முன்னாலேயே எழுதினால், ஜெயிப்பதற்காக நைனா ஒரு கதை கட்டுகிறார் என்று உனக்குத் தோன்றலாம். வார்டில் விழுந்த ஓட்டு முந்நூற்றுத் தொண்ணூறு. எனக்கு முப்பத்தொன்று. பக்தவத்சலம் ஜெயித்துவிட்டார். குடை விரியவே இல்லை. முப்பத்தொரு பேர் யார் என்றுதான் கோவிந்தன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். தான் போட்டதாக அவனும் சொல்லவில்லை.

இனி சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை, ஞானம்.

எபி படுத்த பத்தாவது நாள் சாயங்காலம். நீ காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட ஹாஸ்டலில் இருந்தாய். அவன் கலர் சோடா கேட்டான். அதுதான் அவன் கடைசியாகத் தெளிவாகக் கேட்டது. நான் ஆரஞ்சுக் கலர் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். தெருமுனையில் பாஸ்டர் ஐயா நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு ஜட்கா. ஆவடியிலிருந்து அவரே கூட்டி வந்தது. என் தோளில் கை வைத்து, "யோனா, பிள்ளைக்கு மூச்சு வாங்குதுப்பா. தூக்கிட்டு வா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நானே கூட வரேன். சபைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

அவர் வாயால் சொன்னார். மருந்து கூடாது என்று முப்பது வருஷம் பிரசங்கம் செய்த அதே வாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மூப்பராக நிறுத்துவதாக இருந்தது. வயல் வேலைக்காரன் மகன், துலுக்கானம், சபையில் வெள்ளை வேட்டியோடு முன் வரிசையில் உட்காரப் போகிறேன். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினவன் எப்படி உட்காருவது என்று ஒரு நினைப்பு வந்தது. கர்த்தரை நினைத்தேன் என்று சொன்னால் பொய். முன் வரிசையைத்தான் நினைத்தேன். "ஐயா, என் விசுவாசத்தைச் சோதிக்கிறீங்களா?" என்றேன். அவர் மறுபடியும் கெஞ்சினார். நான் ஜட்காக்காரனைப் பார்த்து, "போப்பா, சவாரி இல்லை" என்றேன். அவன் வண்டியைத் திருப்பினான். கையில் கலர் பாட்டில் அப்படியே இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் எபி போய்விட்டான்.

அடக்கத்தன்று நீ வந்தாய். எல்லோருக்கும் முன்னால் ஐயாவைப் பார்த்து, "நீங்கதான் என் தம்பியைக் கொன்னீங்க" என்றாய். அவர் தலை குனிந்து நின்றார். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் என்னைப் பார்த்திருந்தாரானால் நான் சொல்லியிருப்பேன் என்று ஒன்பது வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்தான்.

இனி தெருமுனைக் கூட்டத்துக்கு வருகிறேன். நூறு பேர் இருப்பார்கள். முனியம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில் உன் அம்மா. ஐயாவை யாரோ கைபிடித்துக் கூட்டி வந்து கடைசி பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கோவிந்தன் சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுந்து, "எங்க பாஸ்டர் ஐயா..." என்று ஆரம்பித்தேன். பேர் கேட்டதும் அந்தக் கிழவர் முகத்தைத் தூக்கினார். கண்தான் தெரியாதே, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாகத் தலையை ஆட்டினார். சொல்லு, சொல்லிவிடு என்கிற மாதிரி. இன்னொரு தரமும் சுமக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அதற்கு மேல் அந்தப் பேச்சு வரவில்லை. ஜட்கா வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். போதனை என்று ஒன்று இருந்தது, ஆனால் அன்றைக்கு அது வழிவிட்டு நின்றது, குறுக்கே நின்றவன் நான் என்று சொன்னேன். யாரும் கூச்சல் போடவில்லை. ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். கோவிந்தன் மட்டும், "போச்சு, எல்லாம் போச்சு" என்று மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். முனியம்மா போகும்போது என் எதிரில் நின்றாள். "இதைப் பத்து வருஷம் வயித்துல வெச்சிகினு எப்படி நைனா சோறு தின்னே?" என்றாள்.

அந்த ஜட்கா வந்தது அந்தக் கூட்டம் வரை உன் அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பத்து நாளில் இரண்டு தடவை என் காலில் விழுந்தவள் அவள். பன்னிரண்டு நாளாகச் சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேசுவதில்லை. சாட்சியைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். அந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அவள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மூப்பர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள்.

நீ என் மேல் கோபமில்லை என்று எழுதியது, நடந்தது தெரியாமல் எழுதியது. அந்தக் கடிதத்தை இனி நான் வைத்திருப்பது திருட்டு. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

உன்னிடம் எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. மாசக் கடிதம் நின்றுபோனால் ஏன் என்று எனக்குத் தெரியும், தபால்காரனை நச்சரிக்க மாட்டேன். அம்மாவுக்கு மட்டும் தனியாக எழுது, பக்கத்து வீட்டுக் கஸ்தூரி படித்துச் சொல்லுவாள்.

ஒன்றே ஒன்று. ஐயாவுக்கு நாலு வரி எழுது, ஞானம். ஒன்பது வருஷம் அவர் உன் வார்த்தையை வாயைத் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். வயசு எழுபத்தெட்டு, அதிக நாள் இல்லை. அவருக்கு வருகிற கடிதங்களைப் படித்துக் காட்டுவது நான்தான். உன்னுடையதையும் நான்தான் படிப்பேன். அதில் என்னைப் பற்றி நீ என்ன எழுதினாலும் சத்தமாகப் படிப்பேன், ஒரு வார்த்தையை விழுங்க மாட்டேன்.

நீ தொடுகிற பிள்ளைகள் எல்லாம் பிழைத்து எழட்டும்.

துலுக்கானம்