இறால் வாடை

அன்புத் தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் நீ முதலாவதாக வந்ததை மட்டும்தான் நைனா எல்லோரிடமும் சொல்கிறார். இறால் தின்றால் மூச்சடைக்கும் என்று நீ டாக்டரிடம் மறைக்காமல் சொன்னதையும், அதனாலேயே உன்னைக் கழித்துவிட்டதையும் சொல்வதில்லை. அங்கிருந்தே சிறுசேரிக்கு வேலைக்குப் போன நீ, இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அம்மா இப்போதும் கடப்பாக்கத்தில் இறால் உரிக்கத்தான் போகிறாள். உனக்கு இறால் ஒவ்வாது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாளிலிருந்து செய்வதுபோலவே, கொல்லையில் குளித்து, புடவை மாற்றிய பிறகுதான் உள்ளே வருகிறாள். நேற்று காய்ச்சலோடும் குளித்தாள்.

"அவன்தான் வூட்ல இல்லியேம்மா" என்றேன்.

"வந்துகினு இருந்தான்னா?" என்றாள்.

உன் அக்கா