கயிற்றிலிருந்து அவிழ்ந்த அட்டைகள்

டெட்ஸா,
9 நவம்பர் 1997

உலேமுவின் அம்மாவுக்கு,

வெலிங்டன் எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். மழை இன்னும் இறங்கவில்லை. சோள விதை மூட்டையிலேயே கிடக்கிறது. ஜோகன்னஸ்பர்க் பஸ் டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய கடிதம் போன சனிக்கிழமை கிடைத்தது. பதிலுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தலைமையாசிரியர் கச்சிங்வே என்னை ஒன்றாம் வகுப்புக்குத் தள்ளி இது இரண்டாம் வருடம். பன்னிரண்டு வருடம் எட்டாம் வகுப்பு நடத்தியவன் நான். அவருடைய தேர்ச்சிப் பட்டியலில் இருந்த பொய்யைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அதற்குக் கிடைத்தது மாமரத்தடியும் நூற்று நாற்பத்தாறு குழந்தைகளும். கட்டணம் வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்ட அரசாங்கம் பெஞ்சு வாங்க மறந்துவிட்டது.

பாடம் இதுதான்: நம் செச்சேவா மொழியில் பார்த்தவுடன் வாசிக்கவேண்டிய ஐம்பது சொற்கள். அத்தனை பேருக்கும் ஒரே கட்டு அட்டை. போன வருடம் பாதி காற்றில் போயிற்று. ஆகவே இந்த வருடம் ஓட்டை போட்டு, அகர வரிசைப்படி கயிற்றில் கோத்து முடிச்சுப் போட்டேன். சொல்லும் மனதில் பதியும், வரிசையும் பதியும் என்று நினைப்பு. பிள்ளைகள் தினமும் கயிற்றின் தலையிலிருந்து வால் வரை ஒரே மூச்சில் சொல்வார்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியைகள் நின்று கேட்பார்கள். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

போன திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து நியாங்குலு அம்மையார் வந்தார். முதலில் ஒரு கதை சொல்லச் சொன்னார். நம் உலேமுதான் எழுந்தாள். எல்லா விலங்குகளும் கிணறு வெட்டும்போது வராத முயல், பிறகு வந்து தண்ணீர் திருடி ஆமையிடம் மாட்டிக்கொள்ளும் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு, "ஆமை தூங்குறப்ப போயிருக்கணும், மேடம்" என்றாள். மரத்தடியே சிரித்தது.

"கெட்டிக்காரிதான்டி நீ. சரி, இத வாசி பாப்போம்" என்று அம்மையார் முடிச்சை அவிழ்த்து, அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து நீட்டினார்.

உலேமு முதல் அட்டையைப் பார்த்து வரிசையின் முதல் சொல்லைச் சொன்னாள். அடுத்த அட்டைக்கு இரண்டாம் சொல். ஒன்றும் பொருந்தவில்லை. மற்ற பிள்ளைகளும் அப்படியே.

"நீங்க வாசிக்கச் சொல்லிக்குடுக்கல சார், பாட்டு சொல்லிக்குடுத்திருக்கீங்க" என்றார் அம்மையார்.

"எட்டாங் கிளாஸுக்கே நாந்தான்னு இருந்தவரு மேடம் இவரு" என்றார் கச்சிங்வே. அந்த மனிதர் உண்மை பேசி அன்றுதான் கேட்டேன். அட்டைகளை வாங்கி அடுக்கினேன்.

அன்று வீடு திரும்பியதும் உலேமு உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஃபைனஸிடம் போய் வாசித்துக் காட்டினாள். உனக்கு நீலக் கவுன் வாங்கியிருக்கிறேன், டிசம்பரில் வந்து உன்னைத் தூக்கிக்கொள்வேன் என்று. அவள் விரல்கூட வரிக்கு வரி நகர்ந்தது. "அடியே, எனக்கும் ஒரு கவுன் கொண்டுவரச் சொல்லுடி உங்கம்மாவ" என்றாள் ஃபைனஸ்.

அவள் சொன்னது நீ போன வருடம் எழுதிய கடிதம். நாற்பது தடவையாவது நான் வாசித்துக் காட்டியிருப்பேன். அவள் கையில் இருந்ததோ புதிய கடிதம். இதில் கவுன் இல்லை, டிசம்பர் இல்லை. அங்கே ஒருவரோடு வீடு எடுத்துவிட்டாய், இனி காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இருக்கிறது. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து அட்டைகளைக் கலைத்துத்தான் நடத்துகிறேன். அவள் ஒன்பது சொற்களைப் பார்த்தவுடன் சொல்கிறாள். முந்தாநாள் 'இல்லை' என்ற அட்டையைத் தானே கண்டுபிடித்துச் சொன்னாள். உன் கடிதத்தில் அந்தச் சொல் ஏழு இடங்களில் வருகிறது. நான் அவளைத் தட்டிக்கொடுத்தேன், வேறென்ன செய்ய? கடிதத்தை ஒளித்து வைக்கவும் வழியில்லை. தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

உன்மேல் எனக்குள்ள கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. அது கிடக்கட்டும். எனக்கு நீ ஒரு வரியும் எழுதவேண்டாம். அவளுக்கு எழுது. பெரிய எழுத்தில், சின்னச் சொற்களில், சொல்லவேண்டியதை நீயே சொல். நான் வாசித்துக் காட்டமாட்டேன். கிறிஸ்துமஸுக்குள் அது வந்துசேர வேண்டும். அவள் வேகமாகப் படிக்கிறாள்.

போன இடத்தில் கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். அவளுக்கு உன் கடிதம் வரும்வரை பாடத்தை மெதுவாக நடத்துகிறேன்.

உலேமுவின் அப்பா,
வெலிங்டன் கம்வெண்டோ