நான் இல்லம்மா

பாப்பாவின் அப்பாவுக்கு,

பௌத்தத்தில் 'நான்' என்று ஒன்று கிடையாது. அப்படியானால் செய்த தப்புக்கு யார் பொறுப்பு? என் ஆய்வு இந்த இடத்தில்தான் மாதக்கணக்காக நொண்டுகிறது.

இன்று பாப்பா என் புத்தகத்தில் பாலைக் கொட்டிவிட்டாள். "யாருடி கொட்டினது?" என்றேன்.

"நான் இல்லம்மா!"

பிறகு தன் கவுனாலேயே துடைக்க ஆரம்பித்தாள்.

"நீ இல்லன்னா ஏன்டி தொடைக்கிற?"

"ஈரமா இருக்குல்ல!"

சிரித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யார் கொட்டினால் என்ன, ஈரம் ஈரம்தானே? பதில் இவ்வளவுதானா?

ஆய்வு முடியும்வரை அவளை உங்கள் அம்மாவிடம் விடலாம் என்றீர்கள். சரியாக வளர்க்கிறேனா என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் அவள் இங்கேயே இருக்கட்டும். அன்று போனில் சண்டையை ஆரம்பித்தது யார் என்று இனி கேட்கமாட்டேன். இங்கே ஈரமாக இருக்கிறது. ஒரு நடை வாங்களேன்.

இப்படிக்கு,
இன்னமும் 'நான்'