படமரத்துல சுத்திப் போன ஜூலை இதழ்

காஞ்சிபுரம்,
ஞாயித்துக்கெழம.

அன்பு மவன் தினேஷுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் உங்கப்பாவும் நோய் நொடி இல்லாம இருக்கோம், நீ அந்த சண்டிகர் குளிர்ல சளி புடிக்காம வேளைக்கு சாப்ட்டுகினு இருந்தா அதுவே போதும். இந்த விஷயத்த ஃபோன்ல சொன்னா எனக்கு வாய் முந்திக்கும், அதான் எழுதறேன்.

நம்ம புறா கிளப்பு மாசப் பத்திரிகை "கூண்டும் வானமும்" இருக்குதே, அந்தப் பழைய இதழ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி நெட்ல ஏத்தணும்னு செக்ரட்டரி வெங்கடேசன் அண்ணன் வந்து கேட்டாரு. யாருகிட்ட? பதினொண்ணாவது பாதியில பள்ளிக்கூடத்த விட்டுட்டு வந்து கண்ணாலம் கட்டிக்கின என்கிட்ட. ஒரு எடத்துல குந்தமாட்டேன்னு தெருவுக்கே தெரியும், ஆனா உனக்கு ஃபோன்ல கை வேகம்மான்னாரு, நானும் மயங்கிட்டேன். மொத்தம் நூத்தி முப்பத்திரண்டு, நம்ம வீட்டுக் கட்டுதான் கிட்டத்தட்ட முழுசா இருந்துச்சு. துருப்புடிச்ச பின்ன நிமித்தி எடுக்கணும், தாளப் பிரிச்சு மேல கண்ணாடி வச்சு அழுத்தணும், என் தலை நிழல் விழாம படம் புடிக்கணும். மொத வாரமே பக்கம் முன்ன பின்ன ஆயிப்போச்சு. அண்ணன் பாத்துட்டு, இன்னாமா அம்சவேணி, பேதி மருந்து குடிச்ச புறா மொதப் பரிசு வாங்கிக்கினு நிக்குதுன்னாரு. மறுபடி எல்லாத்தையும் எடுத்தேன்.

அப்புறம் 2019 ஜூன் இதழ் வந்துச்சு. உனக்கு மறந்திருக்காது. போட்டியில உன் சாதாப் புறா பத்து மணி நேரம் பறந்து எறங்குச்சு, றெக்கைய விரிச்சுப் பாத்தா கிளப்போட அடையாள சீல் இல்ல. வேற புறாவ மாத்தி விட்டுட்டான்னு பதினாலு வயசுப் புள்ள பேரப் போட்டு அச்சடிச்சாங்க. காலைல எல்லாப் புறாவுக்கும் சீல் குத்தனது உங்கப்பா, அன்னிக்கு வாயே தொறக்கல. பெத்த அப்பனே என்னத் திருடன்னு நெனைக்கிறாருன்னு கூண்ட காலி பண்ண, அவருகிட்ட பேசறத விட்ட, பன்னண்டாவது முடிச்சதும் ரயில் ஏறிட்ட. அப்படி அச்சடிச்ச கோவத்துல அன்னிலேர்ந்து மூணு வருஷம் கிளப்பு ஆளுங்க ஒருத்தரையும் நம்ம வாசல்ல நிக்க விடல நான்.

இந்த இதழ ஏத்தனா எவன் உன் பேரத் தேடனாலும் இதான் வரும், ஏத்தமாட்டேன்னு அண்ணன்கிட்ட கத்திட்டேன். அவரு, ஜூலையில அதுக்கு மறுப்பு வந்துச்சேமா, ரெண்டையும் சேத்து ஏத்துன்னாரு. மறுப்பா, எனக்குத் தெரியாதேன்னு கட்ட அவுத்தேன். கட்டுல பாத்தா ஜூன் இருக்குது, ஆகஸ்ட் இருக்குது, ஜூலை இல்ல. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நெய்ஞ்ச சேலைய தறிப் படமரத்துல சுத்தசொல்ல ஜரிகை உரசாம நடுவுல பேப்பர் வைப்போம்ல. ஜூலை இதழ் தபால்ல வந்தன்னிக்கு, உங்க பவுசுக்கு இதுதாண்டான்னு ஒரு எழுத்து படிக்காம தாளு தாளா கிழிச்சு தறியில வச்சு சுத்திட்டேன். சேலைய அறுத்தப்ப தாளெல்லாம் குப்பைக்குப் போச்சு.

கூரத்துல தேவேந்திரன்னு பழைய மெம்பரு, அவருகிட்ட இருக்கும்னாங்க, பஸ் ஏறிப் போனேன். மனுஷன் அத புறாக் கூண்டுக்கு அடியில விரிச்சு வச்சிருக்காரு. எச்சத்த சொரண்டிட்டுப் படிச்சேன். "தினேஷ் புறாவை மாற்றவில்லை. வீட்டுப் புறாதானே, கடைசியில் குத்திக்கொள்ளலாம் என்று விட்டு, முத்திரை வைக்க மறந்தவன் நான். எல்லார் முன்னாலும் அதைச் சொல்லத் துணிவு வரவில்லை. என் மகனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சி. உமாபதி." உங்கப்பா எழுதனதுடா. நான் அங்கயே தரையில குந்திட்டேன்.

வீட்டுக்கு வந்து, யோவ், பெத்த புள்ளகிட்ட வாயால சொல்றதுக்கு இன்னா கேடுன்னு கேட்டேன். தறியில இருந்து தலையத் தூக்காம சொல்றாரு, அதப் படிச்சும் அவன் பேசல, செஞ்ச தப்புக்கு அது சரிதான்னு இருந்துட்டேன்னு. ஆறு வருஷமா நீ படிச்சிட்டதாவே நெனச்சிகினு இருந்திருக்காரு. அவன் எங்கய்யா படிச்சான், நான்தான் கிழிச்சு படமரத்துல சுத்தனேன்னு சொன்னேன். திட்டுவாருன்னு பாத்தா, படிக்கலையா, படிக்கலையான்னு ரெண்டு தடவ கேட்டுட்டு எழுந்து போயி மூஞ்சி கழுவிக்கினாரு.

அவரு மறந்தது ஒரு தப்பு, நான் கிழிச்சது அதவிடப் பெரிய தப்பு. பதமா மன்னிப்புக் கேக்க எனக்கு வராது, செஞ்சது நான்னு மட்டும் எழுதிட்டேன். ஜூனும் ஜூலையும் ஒரே ஃபைலா ஏத்தியாச்சு, ஒண்ணு இல்லாம இன்னொண்ண எவனும் படிக்க முடியாது. அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்து இதோட வச்சிருக்கேன், கறை கறையாத்தான் இருக்கும்.

காதை மூடிக்கினு வேலைக்குப் போ, கண்டதத் தின்னாத. ஏகாம்பரநாதரு உன்ன நல்லா வச்சிருக்கணும், கேக்கறதெல்லாம் உனக்குக் கெடைக்கணும். படிச்சதும் எனக்கு ஃபோன் பண்ணாத, எடுக்கமாட்டேன். உங்கப்பாவுக்குப் பண்ணு, அவரு நம்பர் அதேதான். எடுத்துட்டு ஒண்ணும் பேசாம நிப்பாரு. வச்சிடாத, லைன்லயே இரு.

உங்கம்மா,
அம்சவேணி