வாளிகளை ஒளித்த நாள்

என்ரை ஜெயமக்காவுக்கு,

உங்களுடைய முதலாம் ஆண்டு நினைவு வருகிறது. நினைவு மலர் அடிக்கப் போகிறோம், நீங்களும் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று எங்கள் சங்கத்துச் செல்வி வந்து நின்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு என்ன எழுத வரும் என்றேன். "அக்காவோடை கதைக்கிற மாதிரி எழுதுங்கோ. பிழையை நாங்கள் திருத்துறம்" என்றாள். பிழையைத் திருத்துவார்களாம். எந்தப் பிழையை அக்கா?

மூன்று கட்டடத்துப் படிகளைக் கழுவிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் பழைய முழங்கால்தான். தண்ணீரும் பழைய தண்ணீர்தான், பலேர்மோவில் எங்கள் பக்கம் இரண்டு நாளைக்கு ஒருதரம் வருகிறது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி வைத்திருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. ஒற்றை அறையில் இருக்கிற நாங்கள் வாளியில் பிடித்து வைக்கிறோம், தீர்ந்தால் கோவில் குழாயடிக்கு நடக்கிறோம். நீங்கள் நான்காம் மாடிக்குத் தூக்கினீர்கள். நான் இரண்டாம் மாடிக்கு.

அந்த மழை நாள் நினைவிருக்கிறதா? போர்கோ வெக்கியோ சந்தையில் மரக்கறி வாங்கிவிட்டுக் கோவில் மண்டபத்து வாசலில் ஒதுங்கி நின்றோம். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டித் தெருவால் ஓடியது. என் இரண்டு கையிலும் பை. நீங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"எடியே றீற்றா, இவ்வளவு தண்ணியும் கடலுக்குப் போகுது. நாங்கள் நாளைக்கு வாளியோடை வரப்போறம்."

"அதுக்கு என்ன செய்யிறது? கூரையைக் கழட்டிக்கொண்டு போறதோ?"

"கூரை ஓரத்திலை பீலி அடிச்சுத் தண்ணியைத் திருப்பி ஒரு பெரிய தாங்கியிலை விட்டால் காணும்."

அப்படித்தான் தொடங்கியது. மண்டபத்துக்குப் பின்னால், பழைய உலகச் சண்டையில் குண்டு விழுந்து இடிந்தபடியே கிடந்த வெறுங்காணி. எங்கடை ஊரிலை போல இவையளுக்கும் விழுந்திருக்கடி என்று அதைக் காட்டி முதல் நாளே சொன்னீர்கள். அதில் தாங்கி வைக்கலாம், தண்ணீர் கிடைத்தால் நாலு மரமும் வைக்கலாம், கோடையில் பிள்ளைகள் நிழலில் இருப்பார்கள் என்று கோவில் சுவாமியாரான பாத்ரேயிடம் கேட்டோம். கூரையும் தருகிறேன், காணியும் தருகிறேன், காசு மட்டும் கேட்காதீர்கள் என்றார். கார் நிறுத்த அந்த இடத்தைக் கேட்டு ஒருவர் வந்துபோகிறார், மூன்று நத்தார்ப் பண்டிகை வரை பொறுக்கிறேன், அதற்குள் வழி பாருங்கள் என்றும் சொன்னார். மூன்றாவது நத்தார் இந்த வருடத்து நத்தார்.

எங்கள் பெண்கள் சங்கத்தில் படி கழுவுகிறவர்களும் கிழவர்களைப் பார்க்கிறவர்களும்தான். எங்களிடம் எங்கே காசு? நீங்கள்தான் அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது, இப்படியான வேலைக்கென்றே உதவி கொடுக்கிறார்கள் என்றீர்கள். நான் நம்பவில்லை.

"சும்மா காசு குடுக்க ஆர் அக்கா இருக்கினம்?"

"இருக்கினம். எங்கை இருக்கினம் எண்டுதான் சொல்லாயினம்."

வியாழக்கிழமைப் பின்னேரம் எங்களுக்குக் கிடைக்கிற அரைநாள் ஓய்வு. மற்றவர்கள் நித்திரை கொண்டார்கள், நீங்கள் என்னை இழுத்துக்கொண்டு வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த நூலகத்துக்குப் போனீர்கள். அங்கே இத்தாலி முழுவதிலும் உள்ள அறக்கட்டளைகளின் பெயர் போட்ட தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. நீங்கள் கொப்பியில் எழுதுவீர்கள். நான் பக்கத்தில் இருந்து காலைத் தடவுவேன். ஒன்று படங்களுக்கும் சிலைகளுக்கும் மட்டும். ஒன்று அனாதைப் பிள்ளைகளுக்கு. ஒன்று சங்கம் பதிந்து மூன்று வருடம் ஆகவேண்டும் என்றது. எல்லாவற்றுக்கும் எழுதிப்போட்டால் ஒன்றாவது விழும்தானே என்று நான் கேட்டபோது முறைத்தீர்கள். "முதல் அவை போன முறை ஆருக்குக் குடுத்தவை எண்டு பாக்கவேணும். கோழி விக்கிற கடையிலை போய் மீன் கேக்கிறதே?" என்றீர்கள்.

அப்படிச் சொன்ன நீங்களே ஒருநாள் ஒரு அறக்கட்டளையைத் தேடிப் பகேரியாவுக்கு ரயிலில் என்னைக் கூட்டிப்போனீர்கள். பெரிய பழைய மாளிகை. வாசல்காரனுக்கு நாங்கள் யாரென்று விளங்கவில்லை. "வேலைக்கு ஆள் எடுக்கேல்லை" என்றான். நாங்கள் உதவி கேட்டு வந்தோம் என்றீர்கள். "அதுவும் இல்லை, இஞ்சை மாளிகையளுக்குத்தான் உதவி, மனிசருக்கில்லை" என்றான். திரும்பி வரும்போது ரயிலில், கொண்டுபோன கேக்கைப் பிரித்து நாங்களே தின்றோம். எப்படிச் சிரித்தோம்.

பிறகுதான் வடக்கில் இருந்த அந்த அறக்கட்டளை அகப்பட்டது. ஊர் ஊராய் உள்ள சின்னச் சங்கங்கள் தண்ணீரையும் மரத்தையும் காக்க வேலை செய்தால் கொடுப்பார்களாம். அவர்களுடைய தாளில் காலநிலை என்று ஒரு சொல் பல இடத்தில் இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "வெய்யில் வரவரக் கூடுது, மழை வாற நேரத்திலை வராமல் ஒரேயடியாக் கொட்டுது எண்டு படிச்சவை சொல்லுகினமடி" என்றீர்கள். அதை வாளியோடு நிற்கிற எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போமே என்றேன். அதையும் விண்ணப்பத்தில் எழுதினீர்கள். அந்த ஒரு வரி என்னுடையது.

அவர்கள் பார்க்க ஆள் அனுப்புவதாக எழுதினார்கள். போன வருடம் மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரிந்த கதைதான். வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எனக்காகவும்தான்.

எல்லாவற்றையும் இருக்கிற மாதிரியே விடு என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனீர்கள். அன்றைக்கு நீங்கள் வேலை செய்த வீட்டுச் சினியோரா உங்களை மத்தியானம் வரை விடவில்லை. நான் விட்டேனா? வெளியாள் வருகிறான், வாசலில் வாளி வரிசையா? செல்வியையும் மற்றவர்களையும் கூப்பிட்டு எல்லா வாளியையும் மண்டபத்துக் கதவுக்குப் பின்னால் அடுக்கிச் சீலையால் மூடினேன். நாலு வீட்டில் சேமித்த தண்ணீரை ஊற்றி முற்றத்தைக் கழுவினேன். கதிரை இரவல் வாங்கினேன். வடை, றோல்ஸ், கட்லெட், பாயாசம். எல்லோரையும் கூறைச்சீலை உடுத்தி, இருக்கிற நகையைப் போட்டு வரச்சொன்னேன்.

நீங்கள் வேலைச்சட்டையோடு ஓடிவந்து வாசலில் நின்றீர்கள்.

"எங்கையடி வாளியள்?"

"உள்ளுக்கு."

"அந்த மனிசன் என்னத்தைப் பாக்க வாறார், றீற்றா?"

"எங்களை."

அதற்குள் ஆள் தெருமுனைக்கு வந்துவிட்டார். நான் நீட்டிய சீலையைச் சுற்றிக்கொண்டு வந்து சிரித்தபடி கைகொடுத்தீர்கள்.

அவர் நல்ல மனிதர். மூன்று வடை சாப்பிட்டார். பிள்ளைகளைத் தடவினார், முற்றத்தைப் பார்த்து என்ன துப்புரவு என்றார். தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி நீங்கள் சொல்லச் சொல்ல, அவருடைய கண் செல்வியின் தாலிக்கொடியில் இருந்தது. பங்குனியில் கடிதம் வந்தது. அழகாக நடக்கிற சங்கம், வசதியாக வாழும் சமூகம், எங்களுடைய உதவி இதைவிடத் தேவை கூடியவர்களுக்குப் போகவேண்டும், அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் எனக்கு வாசித்துத் தமிழில் சொன்னீர்கள். ஏசுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை மடித்தீர்கள். "அண்டைக்கு வடை நல்லா வந்திருந்தது" என்றீர்கள்.

ஏசியிருக்கலாம் அக்கா.

அந்தத் தாங்கி அப்போதே கிடைத்திருந்தால் சித்திரை மழையைப் பிடித்திருக்கும். தண்ணீர் வருகிற நாளில் குழாய்த் தண்ணீரையும் நிரப்பியிருக்கலாம். சட்டையும் பாத்திரமும் தாங்கியடியிலேயே கழுவியிருக்கலாம், அந்தக் கோடை முழுக்க நீங்கள் நாலு மாடி தூக்கிய வாளியில் பாதியாவது குறைந்திருக்கும். புரட்டாதியில் உங்கள் நெஞ்சு நின்றது. வாளியால் இல்லை, அது முதலே பழுதான நெஞ்சு என்று டொக்டர் சொன்னார். நான் கேட்டுத் தலையாட்டினேன். மன்னிப்பு என்ற சொல்லை உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. உங்களுக்கு அது தேவைப்பட்டதா என்றும் எனக்குத் தெரியாது.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்ததும் கொப்பியை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை நூலகத்துக்குத் தனியே போனேன். எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. சும்மா புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். அங்கே வேலை செய்கிற பெண் வந்து உங்களோடு வருகிற மற்றச் சினியோரா எங்கே என்று கேட்டாள். சொன்னேன். கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் அவள் கேட்பாள், நான் எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியில் சொல்வேன், அவள் எழுதுவாள்.

தண்ணீர் வராத நாளில் என்ன செய்வீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. சமாளிப்போம் என்றேன். எப்படி என்றாள். புத்தகத்தை மூடி வைத்தேன். பிறகு சொன்னேன். அரிசி கழுவின தண்ணீரில் பாத்திரம். பாத்திரம் கழுவினதில் நிலம். நிலம் துடைத்ததை வைத்திருந்து கழிப்பறைக்கு. பிள்ளைகள் ஒரே தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராய்க் குளிப்பார்கள், கடைசிப் பிள்ளை அழும். அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"இதைப் போன வருசம் ஏன் எழுதேல்லை?"

"எழுதினால் ஆக்கள் வாசிப்பினமே" என்றேன்.

ஆடி மாதம் அதே அறக்கட்டளையிலிருந்து மறுபடி பார்க்க ஆள் வந்தது. இந்த முறை ஒரு பெண். தண்ணீர் வராத நாள். ஒருவரும் ஒன்றும் சமைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். செல்விக்குக் கோபம்.

"ஒரு தேத்தண்ணி கூட இல்லாமலோ? எங்களைப் பற்றி என்ன நினைப்பா?"

"என்னவும் நினைக்கட்டும்."

"அக்கா செத்த பிறகு உங்களுக்கு மூளை கலங்கிப்போச்சு."

"ஓம்" என்றேன்.

படி கழுவின சட்டையோடு போய் நின்றேன். வாளிகள் வாசலில். காணியில் புல்லும் இல்லை. அந்தப் பெண் வெயிலில் வந்து களைத்துப்போய்க் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். அக்கா, என் வாழ்க்கையில் யாருக்கும் அரைக் கிளாஸ் கொடுத்ததில்லை. போத்தலில் இருந்தது பிள்ளைகளுக்கு. அரைக் கிளாஸ் ஊற்றினேன். ஏன் அரை என்று அவள் கேட்கமுதல் நானே சொல்லிவிட்டேன்.

குடித்தாள். ஒரு சொட்டும் விடவில்லை. பிறகு வாளியைக் கேட்டாள். குழாயடியில் நிரப்பி என் வீட்டுப் படியில் ஏறினாள். முதல் திருப்பத்தில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுக் கொன்செத்தா வெளியே வந்தாள். தக்காளி டின்னில் பசிலிக்கோச் செடி வளர்க்கிறாளே, அவளேதான். நகரசபையையும் அதன் பரம்பரையையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுச் சொன்னாள்:

"எழுது மகளே, என்ரை பசிலிக்கோ இந்த வருசம் மூண்டுதரம் செத்துப்போச்சு. நாங்கள் இவையளிலும் பார்க்க ஏழையள் எண்டும் எழுது. இவையளாவது கழுவுகினம், நான் கழுவுறதையே விட்டிட்டன்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதினாள். இத்தனை காலம் எங்கள் கஷ்டம் எங்களுக்குள்ளே இருக்கட்டும் என்று நாங்கள் மறைத்ததில், கொன்செத்தாவுக்கும் அதே கஷ்டம் என்று விண்ணப்பத்தில் ஒருதரமும் போடவில்லை அக்கா. நீங்கள்கூட.

போன கிழமை கடிதம் வந்தது. தருகிறார்கள். கேட்டது முழுக்க இல்லை. தாங்கிக்கும் பீலிக்கும் மட்டும், மரத்துக்கு இல்லை. பாத்ரே காணியை எங்களுக்கே விட்டுவிட்டார், கார்க்காரருக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ஒப்பந்தத்தில் சங்கத் தலைவியின் பெயர் இன்னும் உங்கள் பெயராகவே இருந்தது. நூலகப் பெண் மெல்ல ஒரு கோடு போட்டு, பக்கத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். நேராக வரவில்லை.

எல்லோரும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய், கிடைத்துவிட்டதுதானே என்கிறார்கள். சந்தோசம்தான். ஆனால் களைத்துப்போனேன். இது கிடைத்த அன்றைக்கு ஓடிவந்து சொல்ல நாலு மாடி ஏறவேண்டும் என்று கால் கிளம்பியது. பிறகுதான் அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைவு வந்தது.

ஐப்பசி மழைக்கு முன் பீலி அடித்துவிடுவார்களாம். இனி யார் பார்க்க வந்தாலும் வாளிகளை முன்னுக்கு வைப்பேன், வடையைப் பின்னுக்குத்தான். மரத்துக்குக் கொடுப்பவர்களையும் தேடுகிறேன். வியாழக்கிழமைகள் இன்னும் இருக்கின்றன. முதல் மழையில் தாங்கியில் விழுகிற தண்ணீரை வடித்துக் கொதிக்கவைத்து, உங்கள் படத்துக்கு முன்னால் ஒரு தேத்தண்ணி வைப்பேன் அக்கா. கிளாஸ் நிறைய.

ஒரே வாளியின் மற்றப் பிடியைப் பிடித்தவள்,
உங்கள் தங்கச்சி றீற்றா
பலேர்மோ